நாலு மணிக்கொரு மாத்திரை

சொந்தத்தில் யாருக்காவது பெரிய வியாதி என்று தெரிந்தால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. நான் நர்ஸும் இல்லை, டாக்டர் வீட்டுப் பெண்ணும் இல்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வாய்ப் புற்றுநோயோடு கிடந்த எங்கள் அம்மாவைக் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்த்தோம். எனக்கிருக்கிற தகுதி அவ்வளவுதான். போன் பண்ணுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்க கொண்டு போனா நல்லாருக்கும்? திருவனந்தபுரமா, மதுரையா, மெட்ராஸா?" நான் திருப்பிக் கேட்பேன்: "வலிக்கு என்ன மாத்திரை குடுக்காவ? எத்தன மணிக்கொருக்க?" பல பேருக்கு இதற்குப் பதில் தெரியாது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நோயாளி ராத்திரி தூங்கினாரா என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துச் சொல்வார்கள்.

நோய் வேறு, நோயால் வருகிற அவஸ்தை வேறு. நோய் குணமாகுமா என்பது பல நேரம் அதை எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் வலி, வாந்தி, மலச்சிக்கல், புண்ணின் வாடை, மூச்சுமுட்டல், தூக்கமில்லாமை என்று ஒவ்வொரு அவஸ்தைக்கும் தனித்தனியே வைத்தியம் இருக்கிறது. 'முத்திப் போச்சு' என்று கைவிடப்பட்டவருக்கும் இருக்கிறது. கேட்கிற வீட்டுக்குக் கிடைக்கிறது, கேட்காத வீட்டுக்குக் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்.

அம்மாவுக்கு முக்கூடல் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றியவள். மடியில் தட்டு, வாயில் வெற்றிலை, கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை. அந்தப் பக்கத்துத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் முக்கால்வாசிப் பெண்களின் படம் இது. புகையிலையை ஒதுக்குகிற அதே கன்னத்தில்தான் புண் வந்தது. கூரான பல் குத்துகிறது என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லையென்றால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால், வாயை முன்போல அகலத் திறக்க முடியவில்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சதை எடுத்துச் சோதிப்பதற்கும் பயப்பட வேண்டாம். "கத்தி பட்டா பரவிரும்" என்று எங்கள் தெருவிலும் சொன்னார்கள். சதை எடுப்பதால் வாய்ப் புற்றுநோய் பரவுவதில்லை. அதற்குப் பயந்து தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் பரவுகிறது.

ஆபரேஷன் ஆயிற்று, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவெல்லாம் அதில் போயிற்று. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு. பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்று மத்திய அரசின் தொழிலாளர் நல நிதியிலிருந்தும் உதவி உண்டு. அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பழைய பில், டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள்.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள். பிறகு கழுத்தில் கட்டி வந்தது. சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியில், வராண்டாவில் நிற்கவைத்தே, "இனி வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார்கள். வலிக்கு ஒரு மாத்திரை. சீட்டில் 'வலித்தால் மட்டும்' என்று எழுதியிருந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்த 'வலித்தால் மட்டும்' மீதுதான். அம்மா என்ன செய்வாள்? பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பாள், தாங்க முடியாதபோது கேட்பாள். மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் உயிர் போய் உயிர் வரும். கொஞ்சம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடப்பாள். யார் கேட்டாலும், "வலிக்கி, வேறென்ன" என்பாள்.

வழி காட்டியது எந்தப் பெரிய டாக்டரும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற பெண். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வருகிறவள். அந்தத் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரையோடு முடிந்துவிடுகிறது என்றுதான் எங்கள் தெருவே நினைத்திருந்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பார்ப்பதும், அவஸ்தையைக் குறைக்கிற நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ்) நர்ஸ் வந்து பார்ப்பதும் அதில் உண்டு. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க பாலியேட்டிவ் சிஸ்டர்ட்ட சொல்லுதேன்" என்று பேரை எழுதிக்கொண்டு போனாள். சிஸ்டர் வந்தார். உங்கள் ஊரில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் இந்தத் திட்டத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். 104-க்குப் போன் போட்டும் விசாரிக்கலாம்.

சிஸ்டர் முதல் நாள் மருந்தே கொடுக்கவில்லை. அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டார். "ஆச்சி, வலி எங்கெல்லாம் இருக்கு? குத்துதா, எரியுதா, சுண்டி இழுக்குதா? பத்துக்கு எத்தன மார்க் குடுப்பீங்க?" அம்மா யோசித்து, "கன்னத்துல எட்டு. காதுக்குள்ள கரண்டு அடிக்க மாதிரி இருக்கு, அதுக்குப் பத்துக்குப் பத்து" என்றாள். இத்தனை மாதமும் எங்களுக்கெல்லாம் ஒற்றை வலியாகத் தெரிந்தது அன்றைக்கு இரண்டாகப் பிரிந்தது. கரண்டு அடிப்பது, எரிவது, ஊசி குத்துவது எல்லாம் நரம்பு வலி. அதற்கான மாத்திரைகள் வேறு. வழக்கமான வலி மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் அது முழுசாக அடங்குவதில்லை. டாக்டரிடம் போகும்போது "ரொம்ப வலிக்குதாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே, எப்படி, எந்நேரம், எத்தனை மார்க் என்று ஒரு பழைய நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த நோட்டைப் பார்த்தபிறகு டாக்டர்கள் பேசுகிற விதமே மாறுகிறது.

சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேதான் மார்ஃபின் என்ற பேச்சு வந்தது. அண்ணன் எழுந்தே விட்டான். "அது போதை மருந்துல்லா சார்?" டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான முறை ஒன்றைச் சொல்லிவிட்டது என்றார். முதல் படியில் பாரசிட்டமால் போன்றவை, அடுத்ததில் டிரமடால் போன்றவை, அதிலும் அடங்காவிட்டால் மார்ஃபின். வலிக்கு அளவாகக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவது அபூர்வம் என்றார். இது சாவை இழுத்து வருகிற மருந்து இல்லை என்றும், கடைசி நாளைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை என்றும், வலி கூடினால் அளவையும் கூட்டலாம் என்றும் பொறுமையாகச் சொன்னார். திடீரென்று நாமாக நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இந்த மருந்தை எடுக்கிற அபின் செடியை மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்கமே உரிமம் கொடுத்துப் பயிரிட வைக்கிறது. வெளிநாட்டுக்கெல்லாம் இங்கிருந்து போயிருக்கிறது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகள் இதை வாங்கி வைக்கவே பயந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை லேசாக்கினார்கள். இப்போதும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில்தான் வாங்க வேண்டும். மாத்திரை விலை சில ரூபாய்தான். நம் நாட்டு மண்ணில் விளைகிற பொருள் முக்கூடல் ஆச்சிக்கு வந்து சேர இத்தனை கதவு தட்ட வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு அரை மாத்திரையில் ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும், எங்கள் அளவைப் பார்த்து யாரும் எதுவும் செய்யாதீர்கள். முக்கியம் மணிக்கணக்கு. காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருக்க ராத்திரிப் பத்து மணிக்கு மட்டும் இரண்டு பங்கு. வலிக்கிறதோ இல்லையோ, நேரம் வந்தால் கொடுத்தாக வேண்டும். வலி வந்தபிறகு துரத்திக்கொண்டு ஓடக் கூடாது, வருமுன்னே வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நடுவில் வலி மீறினால் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்ததை நோட்டில் எழுதினோம், அதை வைத்து அடுத்த தடவை அளவை மாற்றினார். அண்ணன் மகன் மணி பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டான். "ஆச்சி, பத்து மணி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான்.

முதல் சில நாள் குமட்டலும் அசதியும் இருந்தது, பிறகு தானாகக் குறைந்தது. மலச்சிக்கல் மட்டும் குறையாது. மார்ஃபின் எழுதுகிற சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நாலைந்து நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று நினைத்து அதை நிறுத்துகிற மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கெட்டிப்பட்ட மலம் உள்ளே அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசியலாம். உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அதேபோல எழுப்பினாலும் எழும்ப முடியாத மயக்கம், மூச்சு ரொம்ப மெதுவாவது, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது என்றால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் பேச வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

மார்ஃபின் ஆரம்பித்த அந்த வாரத்தில் ஒருநாள் அம்மா எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்து, எதிர்வீட்டு அக்காவிடம், "ஏட்டி, எலை நறுக்க இம்புட்டு நேரமா?" என்று சத்தம் போட்டாள். வாய் சரியாகத் திறக்காது, பாதி வார்த்தை உள்ளேயே நிற்கும். ஆனாலும் அது எங்கள் அம்மாவின் அதட்டல்தான்.

வலிக்கு அடுத்தபடி ஆளைக் குலைப்பது வாடை. கன்னத்துப் புண் வெளியே உடைந்தபிறகு பட்டாசல் முழுக்க நாற்றம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு அது புரியாமல் இல்லை. ஊதுபத்தி, டெட்டால், சாம்பிராணி எல்லாம் வாடையோடு சேர்ந்து இன்னொரு வாடையாகிறதே தவிர உதவாது. சிஸ்டர் சொன்ன வைத்தியம் எளிமையானது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். அதில் புண்ணை மெதுவாகக் கழுவிவிட்டு, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை நைசாகப் பொடித்து மேலே தூவி, சுத்தமான துணியால் மூட வேண்டும். கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் உப்புத்தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுக்க வேண்டும். சில நாளிலேயே வாடை பெருமளவு அடங்கியது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பகலிலும் கொசுவலை கட்டுங்கள், கொசுவுக்காக இல்லை, ஈக்காக. திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும்.

சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார்: "கருநீலம், மெரூன் மாதிரி அடர்ந்த கலர்ல ரெண்டு துண்டு வாங்கித் தலமாட்டுல வைங்க." கழுத்துப் புண்ணில் திடீரென்று ரத்தம் வரலாம். வெள்ளைத் துண்டில் கொஞ்ச ரத்தமும் பயங்கரமாகத் தெரியும், நோயாளியே அதைப் பார்த்துப் பதறிவிடுவார். அடர்நிறத் துண்டால் அழுத்திப் பிடித்தால் நமக்கும் கை நடுங்காது. எங்கள் வீட்டில் அப்படிப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டு தலைமாட்டில் இருந்ததே ஒரு தைரியம். எது வரலாம், வந்தால் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டிச் சொல்கிற ஆள் ஒருவர் இருந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது.

சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால், மோர் எல்லாவற்றையும் துணியில் வடிகட்டித்தான் கொடுப்போம், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவு, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை. கொடுக்கும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்தபிறகும் அரைமணி முக்கால்மணி நேரம் படுக்கவிடக் கூடாது. மூக்கோரத்தில் குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். இருமல் வந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். ருசி? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். டாக்டர் அனுமதித்தபிறகு, சொதி வைக்கிற அன்றைக்குப் பஞ்சில் தொட்டு நாக்கில் ஒரு தடவல். "உப்பு கொறச்சல்" என்று கையால் ஜாடை காட்டுவாள்.

படுக்கைப் புண்ணுக்கு மதினி ஒருத்தியே டாக்டர். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடுவது, ஈரத் துணியை உடனே மாற்றுவது, குதிகாலுக்குக் கீழே தலையணை கொடுப்பது. காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. எழுதினால் இரண்டு வரிதான், செய்கிறவர்களுக்கு முதுகு போய்விடும். ஒரு விஷயத்தை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். அப்பனையும் அம்மையையும் மகன்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று ஊர் சொல்லும். நிஜத்தில் பார்த்தது மருமகள். எங்கள் மதினியும் பீடி சுற்றுகிறவள். அம்மாவைப் பார்த்த நாட்களில் தட்டைத் தொடவே இல்லை, அந்தக் கூலி முழுக்கப் போயிற்று. திருப்பூரிலிருந்து தம்பி தினமும் போனில், "இளநி குடுங்க, அந்த மருந்து குடுங்க" என்று யோசனை சொல்வான். மாதச் செலவைப் பங்கு போடும்போது மதினியின் நின்றுபோன கூலியையும் செலவில் சேர்த்து எழுதினேன். தம்பி முதலில் முறைத்தான், பிறகு அனுப்பினான். சனி, ஞாயிறு ராத்திரி என் முறை. அந்த இரண்டு ராத்திரியும் மதினி மச்சில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும், அம்மா கூப்பிட்டாலும் இறங்கி வரக் கூடாது என்று ஒப்பந்தம். உங்கள் வீட்டிலும் யார் எந்த ராத்திரி என்பதை முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். ஆள் ஓய்ந்து விழுந்தபிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாய் திறக்க முடியாத ஒருத்திக்கு ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் பிரெட்டும் வாங்கி வருகிறது நம் ஊர். அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கே ஒரு தட்டு ஒதுக்க வேண்டி வந்தது. புண்ணுக்குக் கட்டுப்போடுகிற காஸ் துணி, பஞ்சு, பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிக் கொடுங்கள். அதைவிட நல்லது, "மதினி, நீ போய்க் குளிச்சுச் சாப்பிட்டு வா, நா ரெண்டு மணி நேரம் இருக்கேன்" என்பது. அப்புறம் அந்த 'ஒரு வைத்தியர் இருக்காரு' ஆட்கள். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிற மாவட்டம் இது, சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படித்த சித்த டாக்டர் வேறு, மூன்று மண்டலத்தில் குணம் என்று உத்தரவாதம் கொடுத்து முன்பணம் கேட்கிறவர் வேறு. எந்த மருந்து சேர்த்தாலும் மார்ஃபின் எழுதுகிற டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். 'புண்ணு', 'கட்டி' என்று சுற்றி வளைத்தே பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அம்மா சிஸ்டரின் கையைப் பிடித்து, "எனக்குப் புத்துதான?" என்றாள். அண்ணன் கண்ணைக் காட்டுகிறான், நான் தலையை ஆட்டுகிறேன். சிஸ்டர் எங்களைப் பார்க்கவே இல்லை. "ஆச்சி, நீங்க என்னன்னு நெனைக்கீங்க?" என்று கேட்டார். அம்மா சொன்னாள்: "எனக்கு எல்லாந் தெரியும். இதுக அழுதுரும்னுதான் கேக்காம கெடக்கேன்." அவளிடமிருந்து மறைக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், அவள் எங்களுக்காக மறைத்துக்கொண்டிருந்தாள். எல்லா நோயாளியிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. சிலருக்குத் தெரிய வேண்டாம் என்றே இருக்கும். சிஸ்டர் செய்தது போல அவர்கள் என்ன நினைக்கிறார்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாமல் இருந்தாலே போதும்.

அதற்குப் பிறகு வீட்டில் வேலை நடந்தது. பீடிக் கம்பெனி பி.எஃப். கணக்கில் நாமினியாக இறந்துபோன அப்பாவின் பேரே இருந்தது, அதை மாற்றினோம். கம்மல் யாருக்கு என்று அவளே சொன்னாள். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பாப்பாக்குடிச் சித்தியைக் கூட்டிவரச் சொன்னாள். சித்தி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். ஐ.சி.யூ. வேண்டாம், குழாயும் மெஷினுமாக வேண்டாம், இந்தப் பட்டாசலிலேயே இருக்கிறேன் என்றதும் அப்போதுதான். அம்மா வாயால் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்ததால் பிறகு குடும்பத்துக்குள் வாக்குவாதம் வரவில்லை. இப்படி முன்கூட்டி எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சி கையெழுத்தும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்றது. வசதிப்பட்டவர்கள் எழுதியே வைக்கலாம்.

இந்த நோய்த்தணிப்புப் பராமரிப்பு கடைசியில் வருகிற விஷயம் என்று டாக்டர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். ஆயுளும் சராசரியில் இரண்டரை மாதத்துக்கு மேல் கூடியிருந்தது. பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2008-லேயே இதற்கு அரசுக் கொள்கை வகுத்துவிட்டார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் இந்த வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், 2003-ல் பாலியம் இந்தியா அமைப்பையும் தொடங்கினார், அது திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நம் பக்கத்து ஜனங்கள் கரண்டு வைக்க அந்த ஊருக்குப் போகிறோம், இதை விசாரிக்காமலே திரும்பி வந்துவிடுகிறோம். புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் இல்லை இது. பக்கவாதத்தில் கிடப்பவர், டயாலிசிஸ் செய்கிறவர், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர், ஞாபகம் தப்பிய முதியவர் எல்லோருக்கும் பொருந்தும்.

கடைசி வாரத்தில் அம்மா கஞ்சியை வேண்டாம் என்று கையால் தள்ளினாள். வயிறு ஏற்கவும் இல்லை. பசியோடு அனுப்புகிறோமே என்று எல்லோருக்கும் பதைப்பு. உடம்பு அடங்கிவரும்போது சாப்பாட்டைக் கேட்பது நின்றுவிடும், வற்புறுத்தி ஏற்றினால் மூச்சுமுட்டலும் வீக்கமும்தான் கூடும் என்று சிஸ்டர் விளக்கினார். வாயை ஈரப்பஞ்சால் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். அது கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டம், பெரும்பாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை என்றார், குறைக்க ஊசியும் போட்டார். கைகால் குளிர்ந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது. காது கேட்கும் என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள், தலைமாட்டில் நின்று செலவுக்கணக்கு பேசாதீர்கள் என்றும் சொன்னார். பேசுகிறவர்கள் இருந்தார்கள்.

பால் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் வந்து நின்றார்கள். ஆற்றுத் தண்ணீரும் செம்பில் வந்துவிட்டது. விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். வேண்டாம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை, மாமா கோபித்துக்கொண்டு போய்விடுவார். சிஸ்டர்தான் சமாளித்தார். "ஊத்தலாம் மாமா. ஆனா பஞ்சுல நனச்சு ஒதட்டுல தொட்டு வைங்க, ஒவ்வொருத்தரா வாங்க." வரிசையாக வந்து தொட்டார்கள். சாங்கியமும் நிறைவேறியது, அம்மாவுக்கும் புரையேறவில்லை.

வீட்டில் இறந்தால் பதிவுக்கு அலைய வேண்டியிருக்கும். 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பார்த்துவந்த டாக்டரின் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருந்தால் வேலை சுலபம், பி.எஃப்., பேங்க் எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும், பிரதிகளைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். மீந்த மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் வைக்காதீர்கள், "எனக்கும் மூட்டு வலிதான்" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே எண்ணித் திருப்பிக் கொடுத்து நோட்டில் எழுதவையுங்கள். காற்று மெத்தையை நாங்கள் விற்கவில்லை. கழுவிக் காயவைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவருகிறோம். இப்போது ஆலங்குளம் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறது. மோட்டாரிலிருந்து வருகிற ட்யூப் ஒன்று கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அடுத்து வாங்குகிறவர்கள் ஆளைப் படுக்கவைக்கும் முன் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காற்று நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.